பத்து நிமிஷ வேலை

வேலை என்னவோ பத்து நிமிஷ வேலைதான். கட்டைவிரல் தடிமன் உள்ள ஒரு கொடியைத் தரைக்கு ஒரு சாண் மேலே அறுத்துவிட வேண்டும். கைரம்பம் போதும். ரம்பம் சாவிக்காரரிடம் இருந்தது. கையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. இல்லாதது அனுமதி ஒன்றுதான்.

விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவர் மனைவி. ஒருநாள் மாலை வேலிப் பக்கம் போய்விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"ஏங்க, கொடி உச்சி வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு கிளை மொட்டையா நிக்குது. மழைக்கு முன்னாடி அறுத்து விடலேன்னா அடுத்த வருஷம் மரம் இருக்காது."

மரம் என்றால் அந்த வீட்டில் ஒரே மரம்தான். அவள் அப்பாவின் மூன்று ஏக்கரில் நடுவே நிற்கும் மல்பெரி மரம். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன் அந்த நிலத்தில் இருந்த சாமான் கொட்டகையின் பூட்டு இறுகிப்போக, சந்தைத் தெருவிலிருந்து ஒரு சாவிக்காரப் பையனை வரவழைத்தார் அப்பா. அதுவும் பத்து நிமிஷ வேலைதான். மூன்று மணி நேரம் ஆயிற்று. ஏனென்றால் மரத்தின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வந்தவனின் வெள்ளைச் சட்டையில் கறுத்த பழம் ஒன்று வந்து விழுந்தது. தானாக விழவில்லை. கறையைப் பார்த்து அவன் விழித்தபோது அவள் இறங்கி வந்து, பழுக்காத காய் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதை நசுக்கித் தேய்ங்க, போயிடும்" என்றாள். கறை போய்விட்டது. ஆள் போகவில்லை.

அப்பா காலமானபின் அந்த நிலத்தைக் கேட்டு வீடு கட்டி விற்கிறவர்கள் பழக்கூடையோடு வந்தார்கள். அவள் கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நிலம் காக்கும் அறக்கட்டளைக்கு மூன்று ஏக்கரையும் எழுதிக் கொடுத்தாள். எட்டு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அறக்கட்டளையின் தலைவர், "நீங்க எப்ப வேணும்னாலும் வந்து உங்க மரத்தைப் பாக்கலாம்மா" என்று கண் கலங்கச் சொன்னார். சொன்ன சொல் தவறவில்லை. எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்க முடிந்தது. வேலிக்கு வெளியே நின்று.

"ஊர்ல இருக்கற பூட்டையெல்லாம் திறக்கறீங்க. இந்த ஒண்ணைத் திறக்க முடியாதா?" என்றாள் மனைவி.

"உடையவங்க சொல்லணும்."

"உடையவ நான்தானே?"

"இருந்தே. இப்ப அவங்க."

"நல்ல புருஷன்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சாவிக்காரர் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். உடையவர் சொல்லாமல் எந்தப் பூட்டையும் தொட மாட்டார். திறக்காத சாவியைச் செய்து கொடுக்க மாட்டார். ஆறடி அகலக் கடையில் இத்தனை வருஷம் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம் என்று நம்பினார். அதனால் முறைப்படி கேட்டுவிடலாம் என்று மறுநாள் கடையைப் பாதி நேரம் சாத்திவிட்டு அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனார்.

அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் காட்டின் படம் ஒட்டியிருந்தார்கள். மூலைக்கு மூலை பிளாஸ்டிக் செடிகள். ஒரு அம்மா ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டி, கால்மணிக்கு ஒரு முறை 'புஸ்' என்று மழை பெய்த மண்ணின் வாசனையை விட்டது.

தன்னார்வலர்களைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஒரு இளம்பெண். கையில் பச்சைப் பட்டை கட்டியிருந்தாள். சாவிக்காரர் கொடி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம் சார்! முதல்ல நீங்க யாருன்னு கண்டுபிடிப்போம்."

"நான் சந்தைத் தெருவுல—"

"இல்ல சார். நீங்க விதையா, வேரா, தண்டா, காடா?"

விளக்கினாள். கொஞ்சம் நன்கொடை கொடுத்தால் விதை. விதைக்கு மாதம் ஒரு கடிதம் வரும். வேருக்குக் கடிதமும் துணிப்பையும். தண்டுக்குத் தொப்பியும் சேரும். காடு என்பவர் வருஷத்துக்கு ஒருநாள் தலைவரோடு உட்கார்ந்து காபி குடிக்கலாம். சாவிக்காரர் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு விதையானார்.

"மண்ணோட உங்க உறவு எப்படி ஆரம்பிச்சது சார்? ரெண்டு வரியில சொல்லுங்க."

"தினமும் செருப்புல ஒட்டிக்கிட்டு வரும்மா. வீட்டுக்காரி திட்டுவா."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். "தொழில்?"

"சாவி போடறது. பூட்டு ரிப்பேர்."

"அப்ப நீங்க இங்க சாவி, பூட்டு எதையும் தொடக் கூடாது சார்."

"ஏம்மா?"

"ஒன்பதாவது விதி. தெரிஞ்ச வேலையைச் செஞ்சா அது உழைப்பு. உழைப்புக்குக் கூலி கொடுக்கணும். தெரியாத வேலையைச் செஞ்சாத்தான் சார் அது சேவை."

சேவை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் தோட்டம் போட்ட ஒரு தோட்டக்காரர் மூலையில் உட்கார்ந்து நன்கொடைக் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் ஒருவர் ஏணி மேல் நின்று விழா விளக்குகளுக்கு மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை வரையச் சொல்லிக் கொடுத்தார். டிராயிங் டீச்சர் முதலுதவிப் பெட்டியோடு தயாராக இருந்தார். பல் டாக்டர் ஏணியில் நிற்பதைப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குச் சீக்கிரமே வேலை வரும் என்று சாவிக்காரருக்குத் தோன்றியது. விதையாகச் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லையே என்று சொல்லாமல் விட்டார்.

அவருக்கு ஆந்தை வேலை கிடைத்தது.

அதற்கு முன் மூன்று ஞாயிறுகள் பயிற்சி. பயிற்சியின் பெயர் 'மண்ணை மனத்தால் தொடுதல்'. ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பையில் மண் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதை முகர வேண்டும். விரலால் தொடக் கூடாது, பயிற்சியின் பெயருக்கு அது பொருந்தாது. முடிந்ததும் கோப்பையைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது ஞாயிறு சாவிக்காரர் கை தூக்கினார்.

"இது அந்த நிலத்து மண்ணா மேடம்?"

"சேச்சே!" என்றார் பயிற்சி அளித்தவர். "அங்கேயிருந்து ஒரு பிடிகூட எடுக்க மாட்டோம் சார். இது கடையில வாங்கினது."

பயிற்சி முடித்ததற்குச் சான்றிதழ் தந்தார்கள். சான்றிதழ் பெற்றதற்கு நன்றி சொல்லி ஒரு கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்ததற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொன்றையும் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "கொடி?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஆந்தை வேஷம் போட்டுக்கொண்டு, மாலை நேரங்களில் சிக்னலில் நின்று, நிற்கும் கார்களுக்கு உண்டியலை நீட்டினார். ஆந்தைத் தலைக்குள் காற்று வராது. கண் இருக்கும் இடத்தில் ஓட்டை இல்லை, மூக்கின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதை உடுத்திக்கொண்டுதான் அவர் 'நிலத்துக்காக ஒரு நடை' நிகழ்ச்சிக்கும் போனார். நடை, வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில், நடைப் பயிற்சி இயந்திரங்களின் மேல் நடந்தது. நாற்பது பேர் வியர்க்க வியர்க்க இருந்த இடத்திலேயே ஐந்து கிலோமீட்டர் நடந்தார்கள். நிலத்துக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஓரமாகத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் மூச்சு வாங்கியபோது தோட்டக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடிங்கண்ணே. போன வருஷம் ஆந்தை போட்டவரு மயக்கம் போட்டுட்டாரு."

"நீங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"அஞ்சு. கவர் ஒட்டி ஒட்டி நாக்குல ருசியே போச்சு. கை அரிக்குதுண்ணே, ஒரு களையைப் பிடுங்க மாட்டோமான்னு."

"உள்ள எப்ப கூட்டிட்டுப் போவாங்க?"

தோட்டக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"உள்ளயா? யாருண்ணே போனா? வாசல் கேட்டோட சாவி தொலைஞ்சு ஆறு வருஷமாச்சு."

சாவிக்காரர் மடியில் இருந்த ஆந்தைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

மறுநாள் செயலாளரின் அறைக்கே போய்விட்டார். செயலாளர் மேடம் மேசையில் மரத்தாலான ஒரு தாங்கியில் மரத்தாலான பேனா வைத்திருந்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சாவி தொலைஞ்சது உண்மைதான் சார். நான் மறைக்கல. ஆனா ஒண்ணு கவனிங்க. தொலைஞ்ச வருஷத்திலிருந்துதான் நமக்கு நன்கொடை ஏறுச்சு."

"மேடம், நான் சாவி போடறவன். பூட்டைப் பாத்தா ஒரு மணி நேரத்துல—"

"அதுக்கு முன்னாடி கடிதத்துல என்ன எழுதுவோம்? 'களை எடுக்கிறோம், முள் வெட்டறோம்'னு எழுதுவோம். களைக்கு யார் சார் பணம் கொடுப்பாங்க? இப்ப பாருங்க, 'ஆறு வருஷமா மனிதக் காலடி படாத நிலம்.' படிக்கறவங்களுக்கு உடம்பு சிலிர்க்குது. நீங்க வந்து திறந்துட்டா மறுபடி முதல் நாள்லேர்ந்து எண்ணணும்."

"மரம் செத்துடும் மேடம்."

"எந்த மரம்?"

"கொடி சுத்தியிருக்கே, அது."

"அந்தக் கொடியும் நம்ம நிலத்துலதானே சார் இருக்கு?" என்றார் மேடம், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதையும் சேர்த்துத்தான் காப்பாத்தறோம். இது வேணும், அது வேணாம்னு சொல்ல நாம யாரு?"

இருந்தாலும் மனு ஒன்று எழுதித் தரச் சொன்னார். மனு துணைக்குழுவுக்குப் போகும். துணைக்குழு மழைக்காலம் முடிந்ததும் கூடும்.

அன்று சாப்பிடும்போது அவர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மூணாவது கிளையும் போயிடுச்சுங்க" என்றாள். "நான்தானே எழுதிக் கொடுத்தேன். கட்டடக்காரனுக்கு வித்திருந்தா ஒரேயடியா வெட்டியிருப்பான். இது இப்படி நின்னு நின்னு சாகுது."

அதற்குப்பின் அவள் வேலிப் பக்கம் போகவில்லை. மாலையில் அந்த நேரத்துக்கு வீட்டில் ஏதாவது ஒரு அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் மொத்தம் மூன்று அலமாரிகள்தான். நாலாவது நாள் மறுபடி முதல் அலமாரிக்கு வந்துவிட்டாள். இவளைச் சமாதானப்படுத்தும் சாவி எது என்று சாவிக்காரருக்கு வழக்கமாகத் தெரியும். இந்த முறை கையில் இருந்த எதுவும் பொருந்தவில்லை.

இந்த நிலையில்தான் 'மண்ணுக்கு நன்றி' விழா வந்தது. வருஷத்தின் பெரிய விழா. நிலத்தைக் கொடுத்த குடும்பத்தை மேடையேற்றி, பெரிய சாவி ஒன்றைத் தலைவர் கையால் கொடுத்துப் படம் எடுப்பது என்று முடிவாகியிருந்தது. போன தடவை அட்டையில் செய்த சாவி மேடையிலேயே மடிந்துவிட்டதாம். பொறுப்பாளர் பெண் சாவிக்காரரின் கடைக்கே வந்தாள்.

"சார், நீங்க அலங்காரக் குழுவுல இருக்கீங்க."

"நான் ஆந்தையாச்சேம்மா."

"ரெண்டும்தான் சார். ஒரு பெரிய சாவி வேணும். பித்தளையில. முழங்கை நீளம்."

"சாவியைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்கே?"

"இது சாவி இல்லையே சார், அலங்காரப் பொருள். விதி தடுக்காது." அவள் ஒரு தாளை நீட்டினாள். செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஆர்டர். அதில், 'நிலத்தின் வாசல் கதவுக்கான சாவி, ஒன்று (பெரியது)' என்று இருந்தது.

சாவிக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தடவை படித்தார். உடையவர்கள் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கதவு என்றும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவான ஆர்டர் அவருக்கு வந்ததே இல்லை. வாடிக்கையாளர்கள் பொதுவாக, "வீட்டுச் சாவி, அதே மாதிரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"செஞ்சுடலாம்மா" என்றார்.

முழங்கை நீளத்துக்குப் பித்தளைத் தண்டு. தலையில் இலை வடிவம். நுனியை மட்டும் விரல் நீளத்துக்குச் சிறுக்கவைத்து அங்கே வெட்டினார். அளவு தெரியாத பூட்டுக்குச் சாவி போட வழி உண்டு. வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருகினால், உள்ளே தடுக்கும் இடமெல்லாம் பித்தளையில் மெல்லிய கீறலாகப் பதியும். கீறல் விழுந்த இடத்தை அரத்தால் ராவி, மறுபடி விட்டுத் திருக வேண்டும். கீறல் விழாத வரைக்கும் இதேதான் வேலை. நான்கு நாள் மாலை, சிக்னலில் உண்டியல் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், கேட்டின் முன் நின்று ராவினார். பூட்டுக்கு எண்ணெயும் விட்டார். வேஷத்தைக் கழற்ற நேரமில்லாததால் பார்ப்பவர்களுக்கு ஆந்தை ஒன்று அரத்தோடு நிற்பதாகத்தான் தெரிந்தது. வழியோடு போன ஒருவர் அதைப் படம் எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்ப, மாதக் கடிதத்தில் அது முதல் பக்கத்தில் வந்தது. 'நம் நிலத்தை விட்டு நகர மறுக்கும் ஆந்தை' என்று கீழே போட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் சாவி லேசாகத் திரும்பியது. முழுக்கத் திருப்பாமல் வெளியே எடுத்துவிட்டார். சாவி செய்யத்தான் சொல்லியிருந்தார்கள். திறக்கச் சொல்லவில்லை.

விழா ஹோட்டல் ஒன்றின் ஏழாவது மாடி அரங்கில் நடந்தது. தரையெல்லாம் பிளாஸ்டிக் புல். புல்லின் மேல் செருப்போடு நடக்க வேண்டாம் என்று அறிவிப்பு இருந்தது. முந்நூறு பேர் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பேசினார்.

"நண்பர்களே, ஒரு நிலத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு என்னைப் பலர் கேக்கறாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். அதைவிட்டுத் தள்ளி இருங்க! நாங்க எட்டு வருஷமா தள்ளி இருக்கோம். மத்த அமைப்புகள் நாலு மாடி கட்டினாங்க, நாங்க நாலாவது மாடிக்குப் போயிட்டோம். நிலத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு கேப்பாங்க. பெருமையாச் சொல்றேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கப் போனா அதுக்குத் தொந்தரவு. அங்க என்ன மரம் இருக்கு, எத்தனை இருக்கு, உயிரோட இருக்கா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. இந்த அளவுக்கு ஒரு நிலத்தை மதிச்ச அமைப்பு வேற இருந்தா காட்டுங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சாவிக்காரரின் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். அவளுக்கு வர விருப்பமே இல்லை. கணவர் கட்டாயப்படுத்தியதால் வந்திருந்தாள். தலைவர் பித்தளைச் சாவியை அவள் கைகளில் வைத்தார். ஒலிபெருக்கியில் முந்நூறு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அம்மா, இது உங்க வீட்டு வாசல் மாதிரி. இந்தக் கதவு உங்களுக்கு என்னைக்கும் திறந்தே இருக்கும். உள்ள வர்றதுக்கு நீங்க யாரையும் கேக்க வேண்டாம்!"

கடைசி வரிசையில் ஆந்தை ஒன்று எழுந்து நின்று கை தட்டியது.

வீடு திரும்பும்போது மனைவி சாவியை மடியில் வைத்துக்கொண்டு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தாள்.

"இதை எங்க மாட்டறது? ஆணிகூடத் தாங்காது. இப்படியா கனமாச் செய்வீங்க?"

"மாட்ட வேணாம். நாளைக்குக் காலையில எடுத்துக்கிட்டு வா. ரம்பத்தை நான் எடுத்துக்கறேன்."

அவள் சாவியின் நுனியைப் பார்த்தாள். விரலால் அந்த வெட்டுகளைத் தடவிப் பார்த்தாள். முப்பத்துநாலு வருஷம் சாவிக்காரரோடு குடும்பம் நடத்தியவள். அலங்காரத்துக்கு யாரும் இவ்வளவு நுணுக்கமாக ராவ மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"திருட்டு ஆந்தை" என்றாள்.

"திருட்டு என்ன இருக்கு? உடையவரே சொன்னாரு. முந்நூறு பேர் சாட்சி."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் போனார்கள். பூட்டு ஒரு முனகலோடு திறந்தது. ஆறு வருஷத்துப் புல் இடுப்பளவு இருந்தது. அவள் முன்னால் போனாள். வழி அவளுக்குத்தான் தெரியும். கொடி மரத்தைப் பாம்புபோல் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அவர் மண்டியிட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே ரம்பத்தை வைத்தார். அறுத்து முடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிஷம்.

அவர்கள் வீடு திரும்ப மூன்று மணி நேரம் ஆயிற்று. கடை அன்று திறக்கவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் போனார்கள். ஒரு மாதம் கழித்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டார்கள். முதல் களையைப் பிடுங்கியபோது அவர் கொஞ்சம் அழுததாகத் தெரிகிறது. தூசி என்றார். மழை வந்தது, போனது. காய்ந்த கொடி கயிறு கயிறாகத் தொங்கி உதிர்ந்தது. மொட்டைக் கிளைகளில் ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டும் துளிர்த்தன.

துணைக்குழு கூடியது. சாவிக்காரரின் மனுவை எடுத்துப் படித்து, நிலத்துக்கு எதிரே இருந்த ஒரு வீட்டு மாடியிலிருந்து பைனாகுலரில் பார்க்க இருவரை அனுப்பியது. அடுத்த மாதக் கடிதம் இப்படித் தொடங்கியது: 'ஓர் அற்புதம்! கொடி ஒன்று மரத்தைக் கொல்வதாக நம் அன்பர் ஒருவர் கவலைப்பட்டார். நாம் எதுவும் செய்யவில்லை. கொடி தானே விலகிக்கொண்டது. இதேபோல் தொடர்ந்து எதுவும் செய்யாமல் இருக்க உங்கள் நன்கொடை தேவை.' கூடவே, அந்த மரத்தைத் தத்தெடுத்துக்கொள்ளுமாறு வேண்டி சாவிக்காரரின் மனைவிக்குத் தனியாக ஒரு படிவமும் வந்தது.

"என் மரத்தை நானே தத்தெடுக்கணுமாம்" என்று அவள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டது.

அடுத்த விழாவில் ஆண்டின் சிறந்த தன்னார்வலர் விருது சாவிக்காரருக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆந்தையாக நின்றும், நிலத்துக்குள் ஒரே ஒரு தடவைகூடக் காலடி வைக்காத ஒழுக்கத்துக்காக என்று சான்றிதழில் பொறித்திருந்தது. அதை வாசித்தபோது தோட்டக்காரருக்கு இருமல் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

பழக் காலம் அது. அன்று காலைதான் தோட்டக்காரரோடு போய் இருவரும் கூடை நிறையப் பறித்திருந்தார்கள். அவள் முதல் கிளை வரைக்கும் ஏறினாள், கீழே இறக்க இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். சாவிக்காரர் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் வந்தார். ஆனால் ஏழாவது மாடியில் புழுக்கம். உள்ளங்கை வியர்த்தது. அதோடு மேடைக்கு ஏறுமுன் கால்சட்டைப் பையில் மறந்துபோய்க் கை விட்டதில் அங்கே நாலைந்து பழங்கள் இருந்தன.

தலைவர் அவர் கையைப் பிடித்து, படம் எடுத்து முடியும்வரை குலுக்கினார். விட்டபோது தலைவரின் உள்ளங்கை கருஞ்சிவப்பாக இருந்தது.

"என்ன சார் இது?" தலைவர் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையும் சிவந்தது. செயலாளர் மேடம் தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடிவந்தார். தேய்க்கத் தேய்க்கக் கறை நன்றாகப் பரவியது. இன்னும் நாற்பது காடுகள் தலைவரோடு கைகுலுக்க வரிசையில் நின்றார்கள்.

சாவிக்காரரின் மனைவி முன் வரிசையிலிருந்து எழுந்து மேடையருகே வந்தாள்.

"மல்பெரிக் கறை சார். தண்ணியில போகாது. பழுக்காத காய் ஒண்ணை நசுக்கித் தேய்ங்க, உடனே போயிடும்."

"காயா? எங்கம்மா கிடைக்கும் அது?" தலைவர் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "மேடம், யாரையாவது உடனே அனுப்புங்க. கடையில இருக்குமா?"

"கடை எதுக்கு சார்? உங்க நிலத்துலயே இருக்கு" என்றாள் அவள். "கேட்டைத் திறந்து நேரா நடந்தா முதல் மரம். பத்து நிமிஷ வேலை."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மரப்பேனாவை எடுத்து, துணைக்குழுவின் அடுத்த கூட்டம் எப்போது என்று குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினார். மழைக்காலம் முடிந்ததும் என்று இருந்தது.